சிராக்கோ என்றொரு வெப்பக்காற்று

செஞ்சியில் மே மாதத்து மதியம் ஒரு மணி என்பது தனி அனுபவம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். தூரத்திலிருந்து பார்த்தால், யாரோ லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு மறந்துபோன பாறைக் குவியல்கள் மாதிரி இருக்கும். காலையிலிருந்து வெயிலை டெபாசிட் வாங்கிக்கொண்டு, மதியத்துக்கு மேல் வட்டியோடு திருப்பித் தருகிற பாறைகள்!

ராஜகிரி கிட்டத்தட்ட 800 அடி. ஏறி, இறங்கி, நாக்கு வறண்டு, பார்க்கிங்கில் நிறுத்திய காருக்குள் வந்து விழுகிறது ஒரு குடும்பம். ஸ்டீயரிங்கைத் தொட முடியவில்லை. ஏ.சி. பட்டனை அமுக்கி, விசிறி நாபைத் திருப்புகிறார் அப்பா. ஒன்று... இரண்டு... மூன்று... ஊஹும். நான்கு வரை திருப்பியும் காற்று வரவில்லை. 'கேஸ் போயிடுச்சு போல!' என்கிறார். நம் ஊரில் காரில் குளிர்ச்சி இல்லையென்றால் எல்லோரும் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். ஆனால், கேஸ் போனால் சூடான காற்றாவது வரும். காற்றே வரவில்லை என்றால் குற்றவாளி வேறு ஆள். டேஷ்போர்டுக்கு உள்ளே, பெரும்பாலான கார்களில் இடதுபக்கம் 'க்ளவ் பாக்ஸ்' என்கிற சின்ன அலமாரிக்குக் கீழே ஒளிந்துகொண்டிருக்கும் 'புளோயர்'!

மேலைநாடுகளில் இதை 'ஹீட்டர் புளோயர்' என்பார்கள். குளிர்தேசத்துக்காரர்கள் காருக்குள் முதலில் கேட்டது வெப்பத்தை. நமக்கு எதுக்குய்யா ஹீட்டர் என்று கேட்கலாம். ஏற்காட்டிலோ ஊட்டியிலோ மழைநாளில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். உள்ளே நாலு பேர் மூச்சுவிட்டால் போதும், முன் கண்ணாடி பால் ஊற்றினாற்போல வெளுத்துவிடும். ஏ.சி. ஈரத்தை உறிஞ்ச, ஹீட்டர் காற்றைச் சூடாக்க, அதை புளோயர் கண்ணாடிமேல் அடித்தால்தான் சாலை தெரியும். கொண்டை ஊசி வளைவில் புளோயர் நின்றுபோவது வெறும் வசதிக்குறைவு அல்ல. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்!

இந்த புளோயரைக் கழற்றி வெளியே எடுத்தால், உள்ளே இருப்பது நமக்குத் தெரிந்த மூன்று இறக்கை விசிறி இல்லை. ஒரு சின்ன பிளாஸ்டிக் உருளை. அதன் சுற்றளவு முழுக்கச் சீப்புப் பற்கள் மாதிரி வளைந்த சின்னச் சின்ன இதழ்கள். அணில் கூண்டு என்று இதற்கு ஒரு செல்லப்பெயர் உண்டு. ஜப்பானியர்கள் இன்றும் இதை 'சிராக்கோ ஃபேன்' என்றுதான் சொல்கிறார்கள். சிராக்கோ என்பது சஹாரா பாலைவனத்தில் புறப்பட்டு, மத்தியதரைக் கடலைத் தாண்டி, இத்தாலிவரை போய் மக்களை வாட்டி எடுக்கும் வெப்பக்காற்றின் பெயர்.

காற்றுக்குப் பெயர் வைப்பதில் நாமும் சளைத்தவர்கள் இல்லை. தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. பெயர் வைத்ததோடு நிற்கவும் இல்லை. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்த்துத்தான் கட்டடமும் கட்டினார்கள். செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலைப் பார்த்திருப்பீர்கள். சதுர முற்றம், சுற்றிலும் அறைகள், நடுவில் சுமார் 80 அடி உயரத்துக்கு அடுக்கடுக்காக எழும் கோபுரம். ஒவ்வொரு மாடியிலும் நடுவே சின்ன அறை. அதைச் சுற்றி வளைவுகளோடு திறந்த தாழ்வாரம். எந்தப் பக்கத்துக் காற்றுக்கும் 'நோ என்ட்ரி' கிடையாது! மேல் மாடிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோக மண்குழாய் வேறு பதித்திருந்தார்கள். கிருஷ்ணகிரி உச்சியில் உள்ள சபா மண்டபமும் இப்படித்தான். நாலாபக்கமும் திறப்பு. ஏறி முடித்த களைப்பில் அங்கே போய் உட்கார்ந்தால் எழுந்துவர மனசு வராது. மோட்டார் கிடையாது, கரன்ட் பில் கிடையாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, 'மராத்திய ராணுவ நிலவமைப்புகள்' என்ற வரிசையில் செஞ்சியையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாராட்டில் பெரும்பகுதி மதில்களுக்குப் போய்விட்டது. என்னைக் கேட்டால், கல்யாண மகாலின் காற்றுக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்!

அணில் கூண்டுக்கு வருவோம். இதைக் கண்டுபிடித்தவர் ஒரு கார் இன்ஜினீயர் இல்லை. தேயிலைத் தோட்டக்காரர். அதுவும் நம் இந்தியாவில்!

சாமுவேல் கிளீலண்ட் டேவிட்சன். வட அயர்லாந்துக்காரர். 1864-ல், பதினெட்டு வயதுகூட நிறையாத பையனாக அஸ்ஸாமின் கச்சார் பகுதிக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்து சேர்ந்தார். தேயிலைக்கு அப்போது லண்டனில் நல்ல கிராக்கி. ஆனால், தயாரிப்பு முறையோ ஆதிகாலத்தது. பறித்த இலையை வாட வைத்து, கையால் உருட்டி, புளிக்க வைத்து, கடைசியில் கரி அடுப்புக்கு மேலே மூங்கில் தட்டுகளில் பரப்பிக் காயவைப்பார்கள். கரிப்புகை தேயிலையில் ஏறும். ஒரு தட்டு கருகும், இன்னொரு தட்டு ஈரமாகவே இருக்கும். அந்தப் புகைக்குள் நாள் முழுக்க நின்று தட்டுகளை மாற்றிக்கொண்டே இருந்தவர்கள் கூலித் தொழிலாளர்கள்.

டேவிட்சன் யோசித்தார். நெருப்பை இலைக்கு அடியில் வைப்பதற்குப் பதிலாக, நெருப்பை ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டு, அதில் சூடான சுத்தமான காற்றை மட்டும் இலைமீது அனுப்பினால் என்ன? புகை வராது, கருகாது. கவனித்தீர்களா... கார் ஹீட்டரின் தத்துவமும் அட்சரம் பிசகாமல் இதேதான்! இன்ஜின் ஒரு பக்கம் சூடாகிறது. அந்தச் சூட்டைச் சுமந்த தண்ணீர் ஒரு குட்டி ரேடியேட்டருக்கு வருகிறது. அதன் வழியாகப் போகும் சுத்தமான காற்று மட்டும் நம்மிடம் வருகிறது. இன்ஜின் புகை வருவதில்லை.

இந்தியாவிலிருந்து திரும்பிய டேவிட்சன், தன் தேயிலை உலர்த்தும் இயந்திரத்துக்கு 'சிராக்கோ' என்று பெயர் வைத்தார். 1881-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் சிராக்கோ இன்ஜினீயரிங் வொர்க்ஸ் பிறந்தது. இலங்கை, அஸ்ஸாம் என்று தேயிலை விளையும் இடமெல்லாம் அந்த இயந்திரங்கள் போய்ச் சேர்ந்தன. ஆனால், ஒரு சிக்கல். அடுக்கடுக்கான தட்டுகளுக்குள் காற்று தானாகப் புகாது, தள்ளவேண்டும். அன்றைக்கு இருந்த காற்றுத் தள்ளும் விசிறிகளோ ராட்சச சைஸ். ஆறேழு அகலமான பலகைகளை ஒரு சக்கரத்தில் பொருத்தினாற்போல இருக்கும். இடத்தை அடைக்கும், சத்தம் காதைப் பிளக்கும்.

டேவிட்சன் தலைகீழாக யோசித்தார். சில பெரிய பலகைகளை எடுத்துவிட்டு, டஜன்கணக்கில் ஒடுக்கமான இதழ்களை உருளையின் விளிம்பில் மட்டும் நிறுத்தினார். சுழலும் திசையிலேயே அவற்றை லேசாக முன்னோக்கி வளைத்தார். நடுப்பகுதி காலி. காற்று நடுவில் உள்ளே வந்து, விளிம்பு வழியாக வீசியெறியப்படும். அதே அளவு காற்றுக்கு விசிறியின் சைஸ் பாதியாகச் சுருங்கிவிட்டது. 1898 வாக்கில் காப்புரிமையும் வாங்கினார். அப்புறமென்ன, சுரங்கங்கள், மின் நிலையங்கள், கப்பல்கள்... அதே பெல்ஃபாஸ்ட் ஊரில் கட்டப்பட்ட டைட்டானிக் கப்பலிலும் சுழன்றவை சிராக்கோ விசிறிகளே. 1921-ல் டேவிட்சனுக்கு சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் இறந்தும் போனார்.

தேயிலைத் தோட்டம் என்றதும் ஆவி பறக்கும் கோப்பை மட்டும் ஞாபகம் வரக்கூடாது. கச்சாரிலும் அஸ்ஸாமிலும் ஒப்பந்தத்தை மீறி ஓடிப்போகும் தொழிலாளியைச் சிறையில் தள்ளச் சட்டமே இருந்தது. வால்பாறையிலும் இலங்கை மலையகத்திலும் நம் ஜனங்கள் பட்ட பாட்டைத் தனியாக எழுதவேண்டும். 'எரியும் பனிக்காடு' படித்தவர்களுக்குத் தெரியும். டேவிட்சனின் இயந்திரம் கரிப்புகையைக் குறைத்தது நிஜம். ஆனால், கூலிக்காரரின் கஷ்டத்தைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்ட இயந்திரம் அல்ல அது. நல்ல தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கும். கணக்கு அவ்வளவுதான். பி.காம். படித்த எனக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரிகிறது!

மோட்டார் வருவதற்கு முன் விசிறியை ஓட்டியது எது? எது இல்லை, யார் என்று கேட்கவேண்டும். வெள்ளைக்காரர் வீடுகளிலும் அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் கூரையிலிருந்து பெரிய துணிச்சட்டம் ஒன்று தொங்கும். பெயர் பங்கா. அதில் கட்டிய கயிறு சுவரில் உள்ள ஓட்டை வழியாக வெளியே போகும். மறுமுனையில் வராந்தாவில் ஒருவர் உட்கார்ந்து, இரவு பகலாக இழுத்துக்கொண்டே இருப்பார். உள்ளே காற்று வாங்குபவருக்கு அவர் முகம்கூடத் தெரியாது. ஈ.எம்.ஃபார்ஸ்டர் 1924-ல் எழுதிய 'எ பாஸேஜ் டு இந்தியா' நாவலின் நீதிமன்றக் காட்சியில் அப்படி ஒருவர் வருகிறார்.

விடிய விடிய இழுப்பவர் கண் அசந்துவிட்டால்? காற்று நின்றுவிடும். துரை விழித்துக்கொள்வார். எழுந்துபோய் ஓர் உதை விடுவார். அந்த உதையில் செத்துப்போன பங்காக்காரர்கள் பற்றிய வழக்குகள் அன்றைய நீதிமன்றங்களில் ஒன்றிரண்டு அல்ல. வழக்கு வந்தால் டாக்டர் வந்து சாட்சி சொல்வார். 'இறந்தவருக்கு மண்ணீரல் வீங்கி இருந்தது. லேசாகத் தட்டினாலே வெடித்திருக்கும்!' மலேரியா அடிக்கடி வந்தவர்களுக்கு மண்ணீரல் வீங்குவது மருத்துவ உண்மைதான். அந்த உண்மையையே கேடயமாக்கிக்கொண்டு, அபராதத்தோடு பலர் வெளியே வந்தார்கள். ஆக்ராவில் ஃபுல்லர் என்ற வழக்கறிஞர், வண்டி கொண்டுவரத் தாமதமானதற்காகத் தன் குதிரைக்காரரை அடித்தார். அவர் விழுந்து, சற்று நேரத்தில் மண்ணீரல் வெடித்து இறந்தார். தண்டனை? முப்பது ரூபாய் அபராதம்! இதைக் கண்டித்து வைஸ்ராய் லிட்டன் 1876-ல் குறிப்பு எழுத, 'எங்கள் நீதிபதிகள்மேல் கை வைப்பதா' என்று கொதித்தது இங்கிருந்த வெள்ளையர் சமூகம். கர்சன் காலம் வரை இந்தத் தலைவலி நீடித்தது. பங்கா கயிற்றிலிருந்து மனிதர்களை விடுவித்ததில் சட்டத்தைவிட மின்மோட்டாருக்குப் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

மலேரியா என்றதும் மறுபடி செஞ்சி ஞாபகம் வருகிறது. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சியை ஒரே இரவில் பிடித்தார். அவுரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர்கான் 1690-லிருந்து 1698 வரை முற்றுகை போட்டு மல்லுக்கட்டிய கோட்டை அது! உலகமே வியந்தது. ஆனால், கோட்டை பழிவாங்கிவிட்டது. 1761 ஏப்ரலில் ஆங்கிலேயரிடம் பறிகொடுக்கும்வரை, பத்தாண்டுகளில் 1200 ஐரோப்பியச் சிப்பாய்களை அங்கே பிரெஞ்சுக்காரர்கள் நோய்க்குப் பலி கொடுத்ததாக அன்றைய வரலாற்றாசிரியர் ஓர்ம் கணக்குச் சொல்கிறார். செஞ்சியின் காற்றே கெட்டது என்று பேர் வந்துவிட்டது. மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். பாவம் காற்று! 1897 ஆகஸ்ட்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைப் பார்த்த பிறகுதான் அந்தப் பழி நீங்கியது. அறிகுறியைப் பார்த்துவிட்டுக் காரணத்தைத் தப்பாகச் சொல்வது மனித குலத்தின் நெடுநாள் பழக்கம். 'கேஸ் போயிடுச்சு' என்பதும் அந்த ரகம்தான்!

காருக்குள் வெப்பக்காற்று வந்த கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1893-ல் மார்கரெட் வில்காக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 'கார் ஹீட்டர்' காப்புரிமை வாங்கினார். இவர்தான் மோட்டார் காருக்கு ஹீட்டர் கொடுத்தவர் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அவர் காலத்து அமெரிக்க வழக்கில் கார் என்றால் ரயில் பெட்டி! மோட்டார் காரில் ஆரம்பத்தில் கம்பளியும் சூடாக்கிய செங்கல்லும்தான். 1938 மாடலில் நாஷ் கம்பெனி, வெளிக்காற்றை இழுத்து, வடிகட்டி, இன்ஜின் சூட்டில் காய்ச்சி, விசிறியால் உள்ளே தள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அந்த நாஷ், அதற்கு முந்தைய ஆண்டுதான் ஃபிரிட்ஜ் செய்யும் கெல்வினேட்டரோடு இணைந்திருந்தது. நம் வீட்டுக் கெல்வினேட்டர்தான்!

1957-ல் வந்த நம் அம்பாஸடருக்கும், ஃபியட்டுக்கும் இதெல்லாம் கிடையாது. முன்கதவில் முக்கோணமாக ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கும். அதை ஒரு கோணத்தில் திருப்பிவிட்டால், காற்று நேராக நெஞ்சில் வந்து அறையும். கல்யாண மகால் டெக்னிக்!

சரி, நின்றுபோன புளோயரை எப்படி விசாரிப்பது? செஞ்சியிலேயே இதற்கு இரண்டு முன்மாதிரிகள் உண்டு. ஜுல்பிகர்கான் வெளியிலேயே நின்று எட்டு வருஷம் குண்டு போட்டார். 1677-ல் கோட்டையைக் கைப்பற்றிய சிவாஜியோ, பலவீனமான மதில் எது என்று பார்த்து, அங்கங்கே இடித்துப் புதிதாகக் கட்டினார். நாம் இரண்டாவது வழியில் போவோம்.

முதல் கேள்வி: எந்த ஸ்பீடிலும் ஓடவில்லையா, அல்லது கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடுகிறதா? கடைசியில் மட்டும் ஓடினால் மோட்டார் நல்லவர். போனது ரெசிஸ்டர். ஒன்று, இரண்டு, மூன்றாம் ஸ்பீடுகளில் மின்சாரம் இந்த ரெசிஸ்டர் வழியாகக் குறைந்து வருகிறது. நான்காவதில் அதைத் தாண்டி நேராக வருகிறது. ரெசிஸ்டர் சூடாகும் என்பதால், அதைக் காற்றுப் பாதையிலேயே பொருத்தியிருப்பார்கள். புளோயர் காற்றே அதைக் குளிர்விக்கும். காற்றுப் பாதை அடைத்துக்கொண்டால்? ரெசிஸ்டர் வெந்துபோகும். ஆகவே, புது ரெசிஸ்டர் போடும்போதே ஏன் வெந்தது என்றும் பார்க்கவேண்டும். இல்லையென்றால் ஆறே மாதத்தில் மறுபடி செலவு. (ஆட்டோமேட்டிக் ஏ.சி. உள்ள கார்களில் ரெசிஸ்டருக்குப் பதில் எலெக்ட்ரானிக் பெட்டி இருக்கும். அதை வீட்டில் நோண்டவேண்டாம்.)

எந்த ஸ்பீடிலும் ஓடவில்லை என்றால், முதலில் ஃப்யூஸ். கருகியிருந்தால் அதே ஆம்பியரில் புதுசு. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப்போடும் மேதாவிகளின் வண்டிகள்தான் ரோட்டோரம் எரிகின்றன. புது ஃப்யூஸும் உடனே போனால், மோட்டார் இறுகியிருக்கிறது அல்லது ஒயர் எங்கோ உரசுகிறது. ஃப்யூஸ் நன்றாக இருந்தால், சாவியை ஆனில் வைத்து, விசிறியை நான்கில் வைத்து, க்ளவ் பாக்ஸுக்கு அடியில் கையால் நாலு தட்டு தட்டுங்கள். முனகிக்கொண்டு ஓட ஆரம்பிக்கிறதா? மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. தட்டும்போது பிரஷ் கொஞ்சம் நகர்ந்து உரசுகிறது, அதனால்தான் உயிர் வருகிறது. தட்டியும் வேலைக்காகவில்லையா? மோட்டாருக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி, இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் காட்டினால் மோட்டார் காலி. ஒன்றும் காட்டவில்லை என்றால் மோட்டார்மேல் பழி போடாதீர்கள். சுவிட்ச், ரிலே, எர்த் என்று பின்னால் போகவேண்டும்.

கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுச் சில நிமிஷம் காத்திருங்கள். ஏர்பேக் ஒயர்களுக்குப் பொதுவாக மஞ்சள் நிறக் கனெக்டர் இருக்கும். அதைத் தொடவே கூடாது. பல கார்களில் மூன்று ஸ்க்ரூ எடுத்தால் புளோயர் கையோடு வந்துவிடும்.

வந்ததும் உள்ளே பாருங்கள். செஞ்சிப் பக்கத்துச் சாலையோரப் புளியமரங்களைத் திட்டமாட்டேன், இருந்தாலும் உண்மையைச் சொல்லவேண்டும். நிழலுக்கு நிறுத்தும் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடை வழியாகத்தான் புளோயர் காற்றை உறிஞ்சுகிறது. புளிய இலை அந்தச் சல்லடைக்கென்றே அளவெடுத்துத் தைத்தது! உள்ளே போய்க் குவிந்து, ஃபில்டரை அடைத்து, மழைத்தண்ணீரில் ஊறி, அணில் கூண்டில் சிக்கி டக் டக் என்று சத்தம் போடும். சில சமயம் நிஜமாகவே எலி குடித்தனம் நடத்தியிருக்கும்.

செஞ்சியில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருக்கும் ஒரு எலெக்ட்ரீஷியன் கடையில், மேஜைமேல் பிரித்துவைத்த புளோயரைப் பார்த்தேன். அறுபதைத் தாண்டியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு கம்யூட்டேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வண்டிக்காரரிடம் வேறோர் இடத்தில், "செட்டா மாத்தணும் சார், பார்ட்டா வராது" என்று சில ஆயிரங்களுக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இவர் பழைய மோட்டார் ஒன்றின் பிரஷ்ஷை எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து அளவு பார்த்தார்.

"இது எவ்ளோ நாள் வரும்ணே?"

"வரும் சார். ரெண்டு மூணு வருஷம் வரும். செட்டு போட்டா கமிஷன் வரும், இதுல இன்னா வரும்... பசங்க கத்துக்க மாட்டேன்றானுங்க."

1937-ல் கோவையில் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரைச் செய்தார்கள். ஜி.டி.நாயுடு இளம்வயதில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பூட்டித்தான் மெக்கானிசம் கற்றவர். பிரிக்கவே முடியாதபடி பசையும் கிளிப்பும் வைத்து மூடி விற்கப்படும் இன்றைய மோட்டார்களில் அவர் எதைக் கற்றிருப்பார்? கணக்குப் பதிவியலில் தேய்மானம் என்றொரு தலைப்பு உண்டு, வருஷாவருஷம் மதிப்பைக் கழித்துக்கொண்டே வருவோம். ஒரு விரல்நுனி பிரஷ் தேய்ந்ததற்காக முழு மோட்டாரின் மதிப்பையும் ஒரே நாளில் பூஜ்யமாக்குவதற்கு எந்தப் புத்தகத்திலும் எனக்கு விதி சொல்லித்தரவில்லை.

பெரியவர் பிரஷ்ஷைப் பொருத்தி, புஷ்ஷுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பேட்டரியில் ஒயரைத் தொட்டுக் காட்டினார். டேவிட்சனின் சக்கரம் விர்ரென்று சுற்றியது. மேஜைமேல் இருந்த புளிய இலைகளெல்லாம் எழுந்து பறந்தன. "அந்தச் சல்லடைல கொசு வலையை அளவா வெட்டி ஒட்டிடுங்க, இலை போவாது. மாசத்துக்கு ஒருவாட்டி தட்டி சுத்தம் பண்ணிடணும்" என்றபடி அடுத்த மோட்டாரை இழுத்து வைத்துக்கொண்டார்.